நீதிபதி தோர்கில் ராவ்ன் மேலே அனுப்பிய கேள்வி

மேடையில் அமர்ந்திருக்கும் நீதிபதி மெரெட்டே அவர்களே, துறைமுகத் தொழிலாளர் சங்கத்தாரே, நான் சுருக்கமாகப் பேசுவேன் என்று நம்பி வந்திருக்கும் நண்பர்களே!

மறைந்த நீதியரசர் தோர்கில் ராவ்ன் மாமனிதர் என்று இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்து வழக்கு விசாரித்தவள் நான். மாமனிதர்தான், பெரும்பிழை ஒன்றைச் செய்த மாமனிதர். அதை மறைத்தால் அவரே என்னை மன்னிக்கமாட்டார்.

கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கப்பல் நம் துறைமுகத்துக்கு வந்தது. நம் தொழிலாளர்கள் அதைத் தொட மறுத்தார்கள். டென்மார்க்கில் நூறாண்டு வழக்கம் அது. கம்பெனி வழக்குப் போட்டது. மறுப்பு செல்லும் என்று ஒரே வரியில் தோர்கில் தீர்ப்பெழுதியிருக்கலாம். எழுதினாரா? இல்லை! நம் நாடும் அண்டை நாடுகளும் ஒப்பந்தம் போட்டு அமைத்த, நாடுகளுக்கெல்லாம் மேலே அமர்ந்திருக்கும் அந்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கப் புறப்பட்டார்.

“உன் வீட்டுக்குள்ள போக எவன்கிட்டயாவது அனுமதி கேப்பியா தோர்கில்?” என்றேன்.

“உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம் குட்ரூன். அவங்களும் நம்மள மாதிரி நீதிபதிங்கதானே?”

“அதான்யா எனக்குப் பயமே!”

பதினாறு மாதம் கழித்துப் பதில் வந்தது. தொழிலாளர் மறுக்கலாமாம், ஆனால் கம்பெனியின் சுதந்திரத்துக்கு ஊறு வராத அளவில் மறுக்க வேண்டுமாம். அளவுகோல் அவர்கள் கையில்! நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒப்பந்தத்தின் உள்நோக்கத்தில் இருக்கிறதாம். நம் நாடாளுமன்றம் தவறினால் தேர்தலில் திருத்தலாம். அவர்கள் தவறினால்? அத்தனை நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்! சட்டத்தைப் படிக்க அமர்த்தியவர்கள் சட்டம் இயற்றினால் அவர்களை யார் தட்டிக்கேட்பது?

அந்தப் பதிலின்படி கம்பெனிக்குச் சாதகமான தீர்ப்பைத் தோர்கிலே வாசித்தார். மரபுப்படி எல்லோரும் எழுந்து நின்றோம். சங்கத் தலைவர் பியார்னே சொன்னார்: “நீங்க எங்க வலி தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சோம்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன், பியார்னே” என்றார் தோர்கில்.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள்! மேலிருந்து தீர்ப்பு வந்த நாளெல்லாம், அது ஏன் தவறு என்று அவருடைய மறுப்பு மாலைக்குள் எழுதப்பட்டுவிடும். சக நீதிபதிகளிடம் அவர் மன்றாடியது ஒன்றுதான்: “தெரிந்த சட்டத்தை நீங்களே சொல்லுங்கள், மேலே அனுப்பாதீர்கள்.” யார் கேட்டார்கள்? அமைச்சர்கள் அவருக்கு நன்றிக் கடிதம் அனுப்பியதோடு சரி.

சென்ற மாதம் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். படகுப் பணியாளர்களின் வேலைநிறுத்த வழக்கு அப்போது மெரெட்டேயிடம் இருந்தது. “அனுப்ப வேணாம்னு அவகிட்ட சொல்லு குட்ரூன்” என்றார்.

தாழ்வாரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தேன். மெரெட்டே, நீங்கள் சொன்னதை இந்த அவைக்குச் சொல்கிறேன்: “மன்னிச்சிடுங்க, நேத்தே அனுப்பிட்டேன். எதுக்கும் கேட்டுக்கறது நல்லதுன்னு தோணுச்சு.”

உள்ளே போனேன். “என்ன சொன்னா?” என்றார்.

“அனுப்பலையாம்” என்றேன்.

நிம்மதியாகக் கண்மூடினார். மறுநாள் எழவில்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி கூறுகிறீர்கள். நானும் கூறுகிறேன். பதில் வர இன்னும் பதினைந்து மாதமாகும். எனக்கு வயது எண்பத்திரண்டு. அதனால் காத்திருக்கவில்லை, அந்தத் தீர்ப்புக்கான மறுப்பை நேற்றே எழுதத் தொடங்கிவிட்டேன்.