அப்பா டயப்பருக்கு சாம்பிள் டெஸ்ட்

ஆம்பூரில் பஸ் ஏறிய இருவர் கழுத்திலும் ஷூ கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்ததும் ஒருவர் சொன்னார்: "அப்பாவுக்கு வாங்கின டயப்பரை மொதல்ல நான்தான் போட்டுப் பாத்தேன்."

"இன்னாது? உனக்கு எதுக்கு?"

"சாம்பிள் ஷூவ ஒருத்தன் போட்டு நடந்து பாக்காம பாஸ் பண்ணுவோமா? ஒட்டுற மாடல் தொடையில அறுக்குது. ஜட்டி மாடல்தான் சரி. அதப் போட்டுக்கினு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேன்."

"குடிச்சிட்டு?"

"லீக்கே இல்ல."

"த்தூ! பெரியவரு போட்டுக்கினாரா?"

"மாட்டவே மாட்டேன்னு அழுதுனு இருந்தவரு, என்னை அந்தக் கோலத்துல பாத்துட்டு, 'உனக்கும் ஆரம்பிச்சிடுச்சாடா?'ன்னாரு. ஆமாம்ப்பான்னேன். கம்முனு வாங்கிப் போட்டுக்கினாரு."

"அப்பாடா, பேஜார் தீந்துச்சு."

"எங்க? தெனம் ஷிஃப்டுக்குக் கிளம்பறப்ப, நானும் போட்டிருக்கேனான்னு தட்டிப் பாத்துட்டுதான் அனுப்புறாரு."

கதை கேட்டுக்கொண்டிருந்த கூட்டாளி மெல்ல ஜன்னலோரம் ஒதுங்கினார்.

"இன்னிக்கு எத்தினி சொம்பு குடிச்ச?"