சீர்க் காருக்கு வந்த மயக்கம்

உக்கிரபாண்டி: இன்னொருக்கா திருப்புங்க மாப்ள.

விக்னேஸ்வரன்: திருப்பிட்டேன் மாமா.

உக்கிரபாண்டி: என்ன சொல்லுது?

விக்னேஸ்வரன்: டிக்குங்குது. அம்புட்டுத்தான்.

உக்கிரபாண்டி: போன ஞாயித்துக்கிழம நான் வந்து ஸ்டார்ட் பண்ணப்ப புலி மாதிரி உறுமுச்சே...

விக்னேஸ்வரன்: இப்ப பல்லி மாதிரி கத்துது.

உக்கிரபாண்டி: பல்லி கத்துனா நல்ல சகுனம்பாக. எந்தத் திசையிலன்னு பாக்கணும்.

விக்னேஸ்வரன்: பானெட்டுத் திசையில மாமா.

உக்கிரபாண்டி: சிரிக்காதீக. வாராவாரம் சீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறி, ராஜபாளையத்துல எறங்கி, உங்க ஷெட்டுக்குள்ள வந்து, செத்த நேரம் இந்த சீட்டுல உக்காந்து உறும விட்டுட்டுப் போறேன். கண்டக்டரே கேக்கான், என்ன பெருசு, ராஜபாளையத்துல வேல எதுவும் கிடைச்சிருச்சான்னு.

விக்னேஸ்வரன்: என்ன சொன்னீக?

உக்கிரபாண்டி: காரு ஓட்டுற வேலன்னேன். எது வரைக்கும் ஓட்டுவீகன்னான். ஷெட்டுக்குள்ளயேதான்னேன். அதுக்குப் பொறவு அவன் என்கிட்ட டிக்கெட்டத் தவிர வேற பேச்சு வச்சுக்கிடுறதில்ல.

விக்னேஸ்வரன்: எப்பிடி மாமா இறங்குச்சு... ஒரே வாரத்துல?

உக்கிரபாண்டி: எலி... எலி வயரக் கடிச்சிருக்கும்.

விக்னேஸ்வரன்: ஆமா மாமா. எலியாத்தான் இருக்கும்.

உக்கிரபாண்டி: உங்க ஊரு எலி பொல்லாத எலி.

விக்னேஸ்வரன்: மெக்கானிக் மாரிச்சாமிகிட்டயும் கேட்டேன். நின்ன இடத்துலயே உறும விட்டா பேட்டரி ஏறாதாம். ஸ்டார்ட் பண்ண செலவழிஞ்சதுகூடத் திரும்ப வராதாம். கொஞ்ச தூரமாவது ரோட்டுல ஓடணுமாம்.

உக்கிரபாண்டி: இத அவன் வந்து எனக்குச் சொல்லணுமாக்கும். பட்டாளத்துல வண்டி ஓட்டியே தலை நரைச்சவன் நான்.

விக்னேஸ்வரன்: தெரிஞ்சுமா வாராவாரம் வந்து ஷெட்டுக்குள்ள உறும விட்டீக?

உக்கிரபாண்டி: ...வேற என்ன செய்யச் சொல்றீக. நீங்கதான் ஓட்ட மாட்டேங்கிறீகளே.

விக்னேஸ்வரன்: நான் எப்பிடி மாமா ஓட்ட? பொண்டாட்டி அப்பன் வீட்டுல கெடக்கா, இவன் சீருக்கு வந்த கார்ல சுத்துறான்னு தெருவே பேசும். பொண்ணு வேணாம், காரு மட்டும் வேணுமாக்கும்னு.

உக்கிரபாண்டி: பேசும்.

விக்னேஸ்வரன்: அப்ப நீங்களே எடுத்துட்டுப் போயி உங்க வீட்டுல நிப்பாட்டிக்கிடலாம்ல.

உக்கிரபாண்டி: நான் எடுத்துட்டுப் போனா, கொடுத்த சீரத் திருப்பி எடுத்துட்டான், சோலி முடிஞ்சிச்சுன்னு ரெண்டு ஊரும் பேசும். அதுபோக எனக்குக் கண்ணு ஆபரேசன். ஸ்டியரிங்கத் தொட்டா டாக்டரு தொலச்சிருவாரு.

விக்னேஸ்வரன்: ஆக மொத்தம் ரெண்டு பேருமே ஓட்டக் கூடாது.

உக்கிரபாண்டி: ஆமா. எங்க ஊருத் தேரு மாதிரி. என்ன, தேரு ஆடிப்பூரத்துக்காவது நகரும்.

விக்னேஸ்வரன்: ...எப்பிடி மாமா இருக்கா?

உக்கிரபாண்டி: யாரு?

விக்னேஸ்வரன்: மாமா...

உக்கிரபாண்டி: காரக் கேட்டீகன்னா, இந்தா இப்பிடி இருக்கு. ஈஸ்வரியக் கேட்டீகன்னா, சாப்பிடுறா, தூங்குறா, டிவியில யாரு அழுதாலும் கூடச் சேந்து அழுவா. நான் வீட்டுப் படி ஏறுனதும், காரு ஸ்டார்ட் ஆச்சான்னு கேப்பா.

விக்னேஸ்வரன்: கேப்பாளா?

உக்கிரபாண்டி: ஒரு வாரம் தவறாது. காரத்தான் கேப்பா. வேற ஒண்ணும் கேக்க மாட்டா. நானும் காரப் பத்திச் சொல்ற மாதிரியே சொல்லிருவேன். கொஞ்சம் எளச்சுப் போயிருக்கு, தாடி வளந்திருக்குன்னு.

விக்னேஸ்வரன்: தாடியெல்லாம் இல்ல மாமா. ஷிஃப்டு... சவரம் பண்ண நேரமில்ல.

உக்கிரபாண்டி: அதத்தான் நானும் சொன்னேன். தொடைச்சு வைக்க ஆளில்லன்னு.

விக்னேஸ்வரன்: அதுக்கு என்ன சொன்னா?

உக்கிரபாண்டி: எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிட்டா. செத்த நேரம் பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டுச்சு. சரி, பேசிக்கிட்டே இருந்தா பேட்டரி ஏறாது. அந்தப் பைய இப்பிடி எடுங்க.

விக்னேஸ்வரன்: என்ன மாமா இது... ஜம்பர் வயரு. கையோட கொண்டாந்துட்டீக?

உக்கிரபாண்டி: பட்டாளத்துக்காரன்னா எதுக்கும் தயாரா இருக்கணும் மாப்ள.

விக்னேஸ்வரன்: போன வாரம் வரைக்கும் முறுக்குதான கொண்டாந்தீக.

உக்கிரபாண்டி: இந்த வாரம் முறுக்கு சுடல. உங்க பக்கத்து வீட்டுப் பாண்டிதுரை டாக்சி நிக்கிதா பாருங்க.

விக்னேஸ்வரன்: நிக்கிது. சொல்லிட்டேன், வாராரு.

உக்கிரபாண்டி: வாலே பாண்டிதுரை. மூக்குக்கு மூக்கு நேரா விடு... இன்னும் கொஞ்சம்... போதும்லே போதும், கரண்டுதான் கேட்டோம், கட்டிப் பிடிக்கச் சொல்லல. மாப்ள, செவப்ப பிளஸ்ல மாட்டுங்க. கறுப்ப நம்ம எஞ்சின் இரும்பக் கடிக்க விடுங்க. ம்... இப்பத் திருப்புங்க.

விக்னேஸ்வரன்: வந்துருச்சு மாமா.

உக்கிரபாண்டி: அணைச்சிராதீக. இப்ப அணைச்சா சங்குதான். வயரக் கழத்திட்டேன்... எடுங்க, மெயின் ரோட்டுல ஏத்துங்க.

விக்னேஸ்வரன்: எந்தப் பக்கம்? தேவதானம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிரலாமா?

உக்கிரபாண்டி: தேவதானத்துல எனக்கு யாரு இருக்கா? சீவில்லிபுத்தூர் பக்கம் விடுங்க. எனக்கும் பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போற பாடு மிச்சம்.

விக்னேஸ்வரன்: மாமா... தெருவுல...

உக்கிரபாண்டி: தெருவு என்ன சொல்லும்? காரு மட்டும் வேணுமாக்கும்னு சொல்ல முடியாது, மாமனாரு உள்ள இருக்கேன். சீரத் திருப்பிட்டான்னும் சொல்ல முடியாது, மாப்பிள்ளதான் ஓட்டுறாரு. பேச வழியில்லாம அடச்சுட்டோம்.

விக்னேஸ்வரன்: அதுக்கும் ஒரு சந்து கண்டுபிடிப்பாக.

உக்கிரபாண்டி: கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாம ஊரத் தாண்டிருவோம். மிதிங்க.

விக்னேஸ்வரன்: அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லலையே.

உக்கிரபாண்டி: மதினிகிட்ட வந்ததுமே சொல்லிட்டேன். பேட்டரிய ஏத்த செத்த தூரம் போயிட்டு வாரோம்னு.

விக்னேஸ்வரன்: என்ன சொன்னாக?

உக்கிரபாண்டி: வெறுங்கையோட போயி நிக்காதீகன்னாக.

விக்னேஸ்வரன்: ...அம்மாவா சொன்னாக?

உக்கிரபாண்டி: ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

விக்னேஸ்வரன்: பூ மாதிரி ஓடுது மாமா.

உக்கிரபாண்டி: ஓடாம? கல்யாணத்தன்னைக்கி ஊர்கோலம் போச்சு. கொலதெய்வம் கோயிலுக்குப் போச்சு. ஆடிக்குப் பொண்ண எங்க வீட்டுல விட வந்துச்சு. அம்புட்டுத்தான் இது பாத்த உலகம். எங்க ஊருக் கண்ணுக்குட்டி இதவிட ஊர் சுத்திருக்கும்.

விக்னேஸ்வரன்: ஆடி கழிஞ்சதும் நீங்க கொண்டாந்து விடுவீகன்னு அம்மா சொல்லிக்கிட்டு இருந்தாக.

உக்கிரபாண்டி: ஆடி கழிஞ்சதும் மாப்பிள்ள கூப்பிட வருவாருன்னு எங்க வீட்டுல அதிரசம் சுட்டு வச்சாக.

விக்னேஸ்வரன்: பொறவு?

உக்கிரபாண்டி: பொறவென்ன, நாங்களே தின்னோம். ஆவணி பூரா அதிரசம். எனக்குச் சுகர் ஏறுனதுதான் மிச்சம்.

விக்னேஸ்வரன்: அவ போன் பண்ணா மாமா. கூப்பிட வரலையான்னு. அன்னைக்கி மில்லுல ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்துட்டு, அப்பத்தான் வந்து தலயச் சாச்சேன்...

உக்கிரபாண்டி: ம்.

விக்னேஸ்வரன்: பஸ்ஸு ஓடுதுல்ல, ஏறி வான்னுட்டேன்.

உக்கிரபாண்டி: தெரியும்.

விக்னேஸ்வரன்: சொல்லிட்டாளா?

உக்கிரபாண்டி: எங்கப்பா குடுத்த காரு ஷெட்டுல நிக்கிது, என்னப் பஸ்ஸுல வரச் சொல்றாகன்னு ஒரு பாட்டம் அழுதா.

விக்னேஸ்வரன்: வாயில இருந்து விழுந்ததும் நாக்கக் கடிச்சுக்கிட்டேன் மாமா.

உக்கிரபாண்டி: நாக்கு நமக்குத்தான வலிக்கும், அவளுக்கா தெரியும்? நானும் அவ ஆத்தாள நூறு தடவ ஏசிருக்கேன், பட்டாளத்துல இருந்து தபால்ல. அது அவ கைக்குப் போறதுக்குள்ள எனக்கே மறந்திரும். அவ பதிலுக்கு ஏசுறது வந்து சேரும்போது, எதுக்குடா ஏசுறான்னு முழிப்பேன். உங்களுக்கு இந்தப் போனு வந்து கெடுத்துப் போட்டுச்சு. சரி, அதுக்குப் பொறவு நீங்களாவது கூப்பிட்டிருக்கலாம்ல?

விக்னேஸ்வரன்: கூப்பிட்டேன். எடுக்கல.

உக்கிரபாண்டி: எத்தன தடவ?

விக்னேஸ்வரன்: ...ஒரு தடவ.

உக்கிரபாண்டி: ஒரு தடவ சாவியத் திருப்பி ஸ்டார்ட் ஆகலன்னா வண்டிய எடைக்குப் போட்டுருவீகளா மாப்ள? எனக்கு இன்னும் ஒண்ணு சொல்லணும். எங்க அண்ணன் ஒத்தக் கால்ல நிக்காரு. மார்கழி கழியட்டும், தை பொறந்ததும் ரெண்டு பக்கமும் ஆள வச்சுப் பேசிரலாம்னு.

விக்னேஸ்வரன்: என்னத்தப் பேச?

உக்கிரபாண்டி: அதான். ஆள வச்சுப் பேசுனா வாழுறதப் பத்தியா பேசுவாக? பாத்திரம் பண்டத்தப் பத்திப் பேசுவாக. கட்டில் யாருக்கு, இந்தக் காரு யாருக்குன்னு. எனக்கு அந்தப் பேச்சக் கேக்கத் தெம்பு இல்ல மாப்ள. அதான் பஸ் ஏறி ஏறி வாரேன்.

விக்னேஸ்வரன்: அவளும்... பேசிரலாம்னு சொல்றாளா?

உக்கிரபாண்டி: அவ ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு. ஏசுனா நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம்... ஓரங்கட்டுங்க, வன்னியம்பட்டி விலக்கு வந்துருச்சு.

விக்னேஸ்வரன்: எதுக்கு மாமா?

உக்கிரபாண்டி: மதினி சொன்னது அதுக்குள்ள மறந்து போச்சா?

விக்னேஸ்வரன்: என்ன வாங்க... பால்கோவா?

உக்கிரபாண்டி: சீவில்லிபுத்தூர்க்காரிக்குப் பால்கோவாவா. கெணத்துக்குத் தண்ணி கொண்டு போன கதையா இருக்கு. பூ வாங்குங்க.

விக்னேஸ்வரன்: நான் எறங்குனா வண்டி அணைஞ்சிருமோன்னு... நீங்க எறங்கி வாங்குங்களேன்.

உக்கிரபாண்டி: என் மகளுக்கு நான் பூ வாங்கி, அத நீங்க குடுக்கவா? எறங்குங்க. நான் அங்கிட்டு உக்காந்து ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டு இருக்கேன்.

விக்னேஸ்வரன்: உங்களுக்குக் கண்ணு ஆபரேசன்...

உக்கிரபாண்டி: கண்ணுலதான ஆபரேசன். கால்லயா?

விக்னேஸ்வரன்: ...வாங்கிட்டேன் மாமா. மல்லி. ரெண்டு முழம்.

உக்கிரபாண்டி: ஆவணியில புடிச்ச கோவம், கார்த்திகை வந்துருச்சு. ரெண்டு முழமா? போங்க, போயி அந்தப் பூப்பந்த அப்பிடியே தூக்கிட்டு வாங்க.

விக்னேஸ்வரன்: ...இந்தாங்க, பந்தே வாங்கிட்டேன்.

உக்கிரபாண்டி: ம். இப்ப மாப்பிள்ள மாதிரி இருக்கீக. எடுங்க.

விக்னேஸ்வரன்: கோபுரம் தெரியுது மாமா.

உக்கிரபாண்டி: தெரியட்டும். அது எங்கயும் போகாது.

விக்னேஸ்வரன்: மடவார்வளாகம் வந்துருச்சு... இங்ஙனயே உங்கள எறக்கி விட்டுட்டுத் திரும்பிக்கிடவா? இந்நேரம் பேட்டரி ஏறிருக்கும்.

உக்கிரபாண்டி: ஏறல.

விக்னேஸ்வரன்: எப்பிடித் தெரியும்?

உக்கிரபாண்டி: எங்க வீட்டு வாசல் வரைக்கும் போனாத்தான் ஏறும். சில பேட்டரி அப்பிடி. திருப்புங்க... அந்த வேப்ப மரத்துக்கிட்ட. ஆங். நிப்பாட்டுங்க.

விக்னேஸ்வரன்: ஹாரன் அடிக்கவா மாமா?

உக்கிரபாண்டி: வேணாம். நான் எறங்கிக் கதவத் தட்டுறேன்.

ஈஸ்வரி: அப்பா... வாசல்ல யாரு வண்டிப்பா உறுமுது?

உக்கிரபாண்டி: நம்ம வண்டிதான் ஆத்தா.

ஈஸ்வரி: ஸ்டார்ட் ஆயிருச்சா?

உக்கிரபாண்டி: ஆயிருச்சு. கூட டிரைவரும் வந்திருக்காரு, பாரு.

விக்னேஸ்வரன்: ஈஸ்வரி...

ஈஸ்வரி: அப்பா, வந்தவியள உள்ள வரச் சொல்லுங்க. தெருவுல நிக்க வேணாம்.

உக்கிரபாண்டி: மாப்ள, உங்கள உள்ள வரச் சொல்றா.

விக்னேஸ்வரன்: எஞ்சின் ஓடுது, அணைச்சாத் திரும்ப ஸ்டார்ட் ஆகுமான்னு தெரியலன்னு சொல்லுங்க மாமா.

உக்கிரபாண்டி: எஞ்சின் ஓடுதாம் ஆத்தா...

ஈஸ்வரி: எனக்குக் காது கேக்குதுப்பா. பேட்டரி செத்துப்போச்சு, ரோட்டுல ஓட்டியாகணும், அதுக்காக வந்திருக்காக. பேட்டரி நல்லா இருந்திருந்தா இந்த வாசலுக்கு வந்திருப்பாகளான்னு கேளுங்க.

உக்கிரபாண்டி: அது வந்து...

ஈஸ்வரி: கேளுங்கப்பா.

உக்கிரபாண்டி: அவர ஏசாதட்டி. பேட்டரி தானாச் சாகல. எலியும் கடிக்கல. போன ஞாயித்துக்கிழம எறங்கும்போது, காருக்குள்ள இருக்க லைட்டப் போட்டுட்டு வந்தது நான்தான்.

ஈஸ்வரி: மறந்துட்டீகளா?

உக்கிரபாண்டி: வண்டி ஓட்டிக் கஞ்சி குடிச்சவன் லைட்ட மறப்பேனா? வேணும்னுதான். செத்துப் போனாத்தான இவரு ஷெட்ட விட்டு எடுப்பாருன்னு...

ஈஸ்வரி: அப்பச் சரியாப் போச்சு. நீங்க பொறி வச்சீக, அவிய வந்து விழுந்தாக. அவியளா வரல. அந்தப் பூவும் நீங்க சொல்லித்தான் வாங்கியிருப்பாக.

உக்கிரபாண்டி: பூவு... அது என்னன்னா...

விக்னேஸ்வரன்: பூவு மாமா சொல்லித்தான் வாங்குனேன். அது நெசம்.

ஈஸ்வரி: பாத்தீகளா.

விக்னேஸ்வரன்: ஆனா லைட்டு...

ஈஸ்வரி: லைட்டுக்கென்ன?

விக்னேஸ்வரன்: அது எரிஞ்சது எனக்கு அன்னைக்கே தெரியும் ஈஸ்வரி. இருட்டுனதும் ஷெட்டுக் கதவு இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சிச்சு. சாவியோட போயி காரத் திறந்தேன். கை சுவிட்சு வரைக்கும் போயிருச்சு... அணைக்காமச் சாத்திட்டு வந்துட்டேன். அதுக்குப் பொறவு தினமும் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து எட்டிப் பாப்பேன், இன்னுமா எரியுதுன்னு. வெள்ளிக்கிழமதான் அணைஞ்சிச்சு. இனிக் கார ரோட்டுல எடுத்துத்தான ஆகணும்னு அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனேன்.