இரண்டு கோடுகளுக்கு நடுவே

டீ ஆறினால் பரவாயில்லை சார், எனக்குச் சூடு ஆகாது.

கடலூர் எஞ்சினியர் சத்யப்பிரியாவைக் காலையிலிருந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெண்ணை அனுப்பிவிடுங்கள். சைரனை நிறுத்தியது நான்.

நான் ஐந்தாவதுவரை படித்தவன். சிதம்பரம் பக்கம் எங்கள் ஊர் வாய்க்கால் மதகில் முப்பத்தொரு வருஷம் கையால் ஷட்டர் திறந்தேன். திறக்குமுன் கத்துவேன். என் பெண்டாட்டியின் தம்பி சடையப்பன் தினமும் மூன்று மணிக்கு வாய்க்காலுக்குள் எருமை மேய்ப்பான். என் சத்தம் கேட்டுத்தான் கரையேறுவான்.

போன வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. தண்ணீர் ஏறினால் பத்து நிமிஷம் சைரன், பிறகு ஷட்டர் தானே திறக்கும். எனக்குக் காவல் வேலை. டீக்கடையில் சடையப்பன் சொன்னான்:

"மாமா, இனிமே அந்தத் தொண்டய வச்சிக்கினு என்னா பண்ணப் போற? நீ தூங்கிட்டா என் கதி என்னான்னு பயந்துக்கினேதான் இத்தினி வருசமும் எறங்குனேன். இனிமே சைரன் பாத்துக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சத்யப்பிரியா மதகுக்கு வந்து, எது முதலில் எது பிறகு என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் படம்தான் போடுவாள். அதைப் பார்த்து கம்ப்யூட்டரே புரோகிராமை எழுதிக்கொள்ளும். படத்தைத் திருத்தினால் முழுவதையும் புதிதாக எழுதும். நாமாக ஏதாவது சேர்க்க இரண்டு கோடு போட்டு நடுவே இடம் விட்டிருக்கும்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வந்தது. பத்து மணி முதல் ஒன்றுவரை சைரன் கூடாது என்று ஒரு வரி, அந்த நேரம் ஷட்டரும் திறக்கக்கூடாது என்று ஒரு வரி, எனக்குக் காட்டிக்கொண்டே அவள் அங்கே சேர்த்தாள்.

"கோட்டுக்கு உள்ள எழுதுனாதான் நிக்கும்யா. வெளிய எழுதுனா அடுத்த தடவ அதுவே அழிச்சிடும்" என்றாள்.

அவள் சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் திறந்தபடி வைத்துவிட்டுப் போவாள். நானாக இருந்தால் ஒருத்தரையும் நம்பமாட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. சைரன் வரியை மட்டும் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினேன். நேரம் மட்டும் பதினைந்து, பதினாறு. மெஷினுக்கு மூன்று மணி அதுதான். ஷட்டர் வரியைத் தொடவில்லை.

முதல் தடவை அவசரத்தில் கோட்டுக்கு வெளியே எழுதிவிட்டேன். அவள் படத்தைத் திருத்தியதும் அழிந்துபோனது. யாரும் பார்க்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் உள்ளே எழுதினேன். அதன்பிறகு இரண்டு தடவை புரோகிராம் புதிதாக வந்தது. என் வரி அப்படியே நின்றது.

பதினோரு நாள் மூன்று மணிக்குத் தண்ணீர் ஏறவில்லை. நானும் அவசரப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் மூன்று மணிக்குமேல் தண்ணீர் ஏறி, சைரன் இல்லாமலே ஷட்டர் தூக்கிக்கொண்டது.

நான் மதகு மேலேதான் நின்றேன். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. வாய்க்காலுக்குள் சடையப்பன் தண்ணீர்ச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். முதலில் சைரன் கம்பத்தைத்தான் பார்த்தான்.

என்னைப் பார்த்திருந்தால் கத்தியிருப்பேன் சார்.