காலம்பற மட்டும் அடைக்கற மோரி

…அதைத்தானே நானும் சொல்லறேன் ஷ்யாமளா! "வால்வைத் திறங்கோ மாமி, வால்வைத் திறங்கோ மாமி"ன்னு வாசல்லே வந்து நின்னா ஆச்சா? உள்ளே வா. வந்து இந்த மோரியைப் பாரு. பாத்துட்டு நீயே சொல்லு, உங்க மாடிக்கு நான் ஜலம் விடணுமா வேண்டாமான்னு. புடவையைத் தூக்கிக்கோ. கணுக்கால் மட்டும் ஜலம் நிக்கறது, கேட்டயா? இந்த பாம்பேயிலே மோரின்னா குளிக்கறதுக்கு, பாத்திரம் தேய்க்கறதுக்கு. எங்காத்து மோரியிலே மீன் வளர்க்கலாம்.

குழந்தை அழறதா? அழட்டும், அழட்டும். தொண்டை திறக்கும்.

எனக்கு மட்டும் ஆசையா, பச்சைக் குழந்தை இருக்கற ஆத்துக்கு ஜலத்தை நிறுத்தணும்னு? நீ வாளியும் கையுமா மாடி ஏறறதைத் தினம் பாத்துண்டுதான் இருக்கேன். ஆனா ஓனர் வால்வுச் சாவியை எங்காத்துலே நம்பிக் குடுத்து வச்சிருக்கார். பொறுப்புன்னு ஒண்ணு இருக்கோல்லியோ?

வர வெள்ளிக்கிழமை எங்க பிள்ளை கிட்டுவுக்குப் பூணல். தாணேலேர்ந்து, செம்பூர்லேர்ந்து எல்லாம் ஜனம் வரப் போறது. கால் அலம்பிண்டு வரேன்னு வாத்தியார் இதுக்குள்ளே காலை வச்சார்னா, அப்புறம் எங்கேர்ந்து மந்திரம் சொல்லுவார்?

எங்காத்து மாமா இருக்காரே, ரயில்வே ஆபீஸ்லே உக்காந்துண்டு ஊருக்கெல்லாம் பாஸ் எழுதறவர், அவருக்குக் குழாயைப் பத்தி என்ன தெரியும்? சொல்லறார்: "மாடிக் குழாய் வேறடி, நம்ம குழாய் வேற. அவா அழுக்கு ஜலம் சுவத்துக்கு வெளியே நேரா இறங்கிப் பின்சந்துத் தொட்டியிலே விழறது. நம்ம மோரி ஜலம் தனிக் குழாய்லே, பின்சுவத்தை ஒட்டிப் போய் அதே தொட்டியிலே விழறது. தொட்டி வழிஞ்சா எல்லாரையும் கேக்கலாம். தொட்டி காலியா இருக்கு, நம்ம மோரி மட்டும் ரொம்பறதுன்னா அடைப்பு நம்மகிட்டே." நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மேலே இருக்கற ஜலம் கீழே வருமா, கீழே இருக்கற ஜலம் மேலே போகுமா? பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுண்டுட்டார்.

இதுலே இன்னொரு கூத்து. காலம்பற மட்டுமாக்கும் அடைக்கறது! பின்சந்துலே வெயில் ஏறினதும் கடகடன்னு தானாவே போயிடறது. பிளம்பர் எப்போ வருவான்? மத்தியானம், அவன் சாப்பிட்டுட்டு. வந்தான், ஒரு வாளி ஜலத்தைக் கொட்டினான், போயிடுத்து. "சப் டீக் ஹை, பாயி"ன்னு, எல்லாம் சரியாத்தான் இருக்காம், என்னைப் பைத்தியத்தைப் பாக்கறாப்பலே பாத்துட்டுப் போயிட்டான். நன்னா யோசிச்சுப் பாரு. காலம்பற எந்த ஆத்துலே ஜாஸ்தி ஜலம் போறது? குழந்தை குளிக்கற ஆத்துலே. எண்ணெய், கடலை மாவு, தலைமயிர்… உனக்கோ முழங்கால் மட்டும் தலைமயிர். திருஷ்டி படப் போறது, அது வேற விஷயம். பிள்ளை பெத்தப்புறம் கொட்டுமே. கொட்டறதா இல்லையா? அதான்!

என்ன? வால்வை மூடி ஒரு வாரம் ஆச்சே, அப்பவும் நிக்கறதேங்கறயா? நல்ல கேள்வி. வாளி வாளியாத் தூக்கிண்டு போறயே, அது எங்கே போறதாம்?

நான் இந்த மோரியை எப்படி வச்சுண்டிருக்கேன் தெரியுமோ? தேங்கா நார் ஒரு இழை உள்ளே போகாது. சாதம் ஒரு பருக்கை போகாது. வேலைக்காரப் பாயி பாத்திரம் தேய்க்கறச்சே பக்கத்துலேயே நிப்பேன், சாம்பலைத் தள்ளாதேன்னு. பூணலுக்காக தினம் சாயங்காலம் உப்பேரி வறுத்துண்டிருக்கேனோல்லியோ… நேந்திரங்கா வறுவல்தான், மாதுங்கா மார்க்கெட்டிலே நல்ல காயாப் பொறுக்கிண்டு வரேன்… கடைசியிலே வாணலி அடியிலே கரிஞ்ச எண்ணெய் நிக்குமே, ஊர்லேர்ந்து டின்லே வந்த தேங்காயெண்ணெய், அதைக்கூட ஆறவிட்டுக் கொட்டமாட்டேன். சுடச்சுடக் கொட்டி, மேலே ஒரு குடம் வெந்நீர் விடுவேன், குழாய் பளிச்சுனு இருக்கட்டும்னு. இந்தக் குளிர்லே காலம்பற தலையிலே தடவிக்கலாம்னா பாட்டில்லே எண்ணெய் கல்லா இருக்கு. அடுப்போரம் வச்சு உருக்கவே எனக்குப் பொழுதில்லை, மோரிக்கு வெந்நீர் போட்டுண்டிருக்கேன்!

ஏண்டி அப்படிப் பாக்கறே? நம்பலையா? இரு. உன் தலைமயிரை எடுத்து உன் கையிலேயே குடுக்கறேன். மோரி ஓட்டையை மூடியிருக்கற இந்த ஜாலியைப் பிடி… தூக்கு… ம்ம்… கரண்டிக் காம்பை விட்டுத் தோண்டினா… கெட்டியா இருக்கு… வரது, வரது… பாத்தயா! சொன்னேனா இல்லையா!

வெள்ளையா இருக்கே. சோப்பு. குழந்தைக்குப் போடற சோப்பு… சோப்பு இல்லையோ? கையிலே வச்சா உருகறதே. இரு, மோந்து பாக்கறேன்.

…

மஞ்சளா ஒரு துண்டு வேற ஒட்டிண்டிருக்கு.

…

உங்காத்துலே உப்பேரி வறுத்தயோ? இல்லை. நீங்க தஞ்சாவூர்க்காரா, உங்களுக்கு நேந்திரங்காயே ஆகாது.

ம்.

கேட்டயா ஷ்யாமளா, இந்தக் காலத்துலே தேங்காயெண்ணெயைக்கூட நம்ப முடியலை. வாணலியை விட்டுப் போறச்சே ஜலமாட்டம்தான் போறது. நான் பாத்துண்டே நின்னேன். கண்ணுக்கு மறைஞ்சப்புறம் உள்ளே போய் அது என்ன பண்ணறதுன்னு யார் கண்டா? பாம்பேயிலே இப்படிக் குளிரும்னுதான் யார் கண்டா?

சரி சரி, சாவி அந்த ஆணியிலே தொங்கறது. மாடிப்படிக்கு அடியிலே இருக்கு வால்வு. நீயே திறந்துக்கோ, எனக்குக் கை வழுக்கறது. இடது பக்கமாத் திருப்பு… இன்னும்… விழறதா? அதோ, மாடியிலே சத்தம் கேக்கறது! ஓடு, வாளியைப் பிடி, நின்னுடப் போறது. குழந்தையை நன்னாக் குளிப்பாட்டு. எண்ணெய் தடவு, ஒண்ணும் ஆகாது. எத்தனை ஜலம் வேணுமோ விடு, யார் கேக்கறான்னு நான் பாக்கறேன். மாமா காதுலே மட்டும் போடாதே. பேப்பரைக் கீழே வச்சார்னா பூணல் முடியற வரைக்கும் தொட்டி, தொட்டின்னு உயிரை எடுத்துடுவார்.

அடி ஷ்யாமளா! ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ! இன்னிக்குச் சாயங்காலமும் வறுக்கணும். அந்த எண்ணெயை நான் எங்கேதான் கொட்டறது? ஷ்யாமளா?

…போயிட்டா.

சரி, பின்சந்துத் தொட்டியிலேயே நேராக் கொட்டிட்டாப் போச்சு. அது எல்லாருக்கும் பொதுவோல்லியோ.