பாதிப் பேச்சுல எழுந்து வந்துட்டேன்

...சிரிக்காதீங்க! இல்ல இல்ல, சிரிங்க, நானே சிரிச்சுகிட்டுதான இருக்கேன். ஆனா நியாயத்தச் சொல்லுங்க. 'பயப்பட ஒண்ணுமில்ல, அடுத்த வருஷம் வாங்க'... இந்த ஒரு வரியச் சொல்றதுக்கு மூணு வாரமா? மூணு வாரத்துல ஒரு பொம்பள என்னென்ன கூத்தடிப்பான்னு இந்த ஆஸ்பத்திரிக்குத் தெரிய வேணாமா?

உங்களுக்கும் அந்தக் கர்ப்பப்பை வாய் டெஸ்டுதான? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பையக் கீழ வைங்க, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. அட, ஒண்ணுமே இல்லங்க! நான் பல்லக் கடிச்சுகிட்டு 'ஆரம்பிங்க டாக்டர்'ங்கறேன், அவங்க 'முடிஞ்சுது, எந்திரிங்க'ங்கறாங்க!

எங்க விட்டேன்? ஆங், மூணு வாரம். அன்னிக்கு அதோ அந்த டாக்டர் ரூம்லதான் உக்கார வச்சாங்க. 'செல்லுல கொஞ்சம் மாற்றம் தெரியுது, எச்பிவி வைரஸும் இருக்கு'ன்னாங்க. அவ்வளவுதான், காது அடைச்சுப் போச்சு! டாக்டர் வாய் அசையுது, எனக்கு ஒண்ணும் ஏறல. எந்திரிச்சு வந்துட்டேன். பஸ் ஏறறதுக்குள்ள நான் செத்து, அடக்கமும் ஆயாச்சு.

வீட்டுல நுழைஞ்சதும் அவர் மேலதான் பாஞ்சேன், அது படுக்கைல தொத்தற வைரஸாச்சே! பாவம், ஏணி மேல நின்னு பல்பு மாட்டிகிட்டிருந்தார். 'யாருய்யா அவ?'ன்னேன். 'எவ?'ங்கறார். 'வைரஸ் என்ன வானத்துலருந்தா குதிச்சுது?'ன்னு ஒரே கத்து. மனுஷன் கீழ எறங்கவே பயந்து மேலயே நின்னார். இருபத்திரண்டு வருஷக் கல்யாணங்க! இன்னிக்குத்தான் டாக்டர் சொல்றாங்க, அது வருஷக்கணக்கா சத்தம் காட்டாம உள்ளயே கிடக்குமாம். எப்ப வந்துச்சு, யாருகிட்டருந்து வந்துச்சு, யாராலயும் சொல்ல முடியாதாம். எனக்கே கல்யாணத்துக்கு முன்னாடி... சரி, அத விடுங்க.

தங்கச்சிக்குத் தையல் மெஷினத் தூக்கிக் குடுத்துட்டேன். 'வேணாங்க்கா, வேணாங்க்கா'ன்னு அழுதா. அழுதுகிட்டே வேன் கொண்டு வந்து ஏத்திட்டா!

அப்புறம் ஆஸ்பத்திரிலருந்து லெட்டர் வந்து இன்னிக்கு வந்தேன், அன்னிக்கு எடுத்த சாம்பிள்லயே பண்ணின இன்னொரு டெஸ்டோட ரிசல்ட்டு. அந்த வைரஸ் செல்லுக்குள்ள வேலையக் காட்ட ஆரம்பிச்சிருந்தா, ரெண்டு புரதம் சேந்து ஒரே செல்லுல கலர் காட்டுமாம். ஒண்ணு பி பதினாறு, இன்னொண்ணு கேஐ அறுபத்தேழு. பஸ் நம்பர் மாதிரி இல்ல? எனக்கு ரெண்டு பஸ்ஸும் வரல! 'உங்க உடம்பே அதத் தொரத்திடும்னு நம்பலாம், ஆனா ஒரு வருஷத்துல கட்டாயம் வந்து காட்டணும்'னாங்க. கலர் காட்டியிருந்தாக்கூட, நல்லாப் பாத்து, தேவைன்னா அந்த இடத்த மட்டும் எடுத்துடுவாங்களாம், புத்துநோயா மாறறதுக்கு முன்னாடியே. அதுக்குத்தாங்க இந்த டெஸ்டே!

ஆனா டாக்டர் அதோட விட்டாங்களா? 'இதத்தான அம்மா அன்னிக்கும் சொல்ல வந்தேன்? இன்னொரு டெஸ்ட் பாக்கணும், அதுவரைக்கும் பயப்படாதீங்கன்னு? கதவு வரைக்கும் ஓடிவந்து கூப்பிட்டேனே! போன் பண்ணாக்கூட எடுக்கலயே!'ங்கறாங்க. எப்படி எடுப்பேன்? நான்தான் செத்துட்டேனே!

அதோ, உங்களக் கூப்பிடறாங்க. போங்க, தைரியமாப் போங்க. என்ன சொன்னாலும் கடைசி வார்த்த வரைக்கும் உக்காந்து கேளுங்க. என்ன மாதிரி... இருங்க, இருங்க, முக்கியமானதச் சொல்லவே இல்ல! எங்க தெருமுனையில ரொட்டிக் கடை வச்சிருக்காங்க ஒருத்தங்க. தனியா இருக்கிறவங்க, தங்கமானவங்க. போன வாரம் போய் அவங்க கையப் புடிச்சுகிட்டு, 'எனக்கப்புறம் எங்க வீட்டுக்காரரக் கட்டிக்கோங்க'ன்னு அழுதுட்டேன். யோசிக்க ரெண்டு நாள் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது. நேத்து சாயங்காலம் கையெல்லாம் மாவோட வாசல்ல வந்து நின்னு, வெக்கப்பட்டுகிட்டே, 'சரி'ன்னுட்டாங்கங்க! இப்பப் போய், 'மன்னிச்சுக்கோங்க, நான் சாகல'ன்னு எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க... ஏங்க? ஏங்க!

அட... கதவச் சாத்திட்டாங்க.