தலைவலி மாத்திரை

எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் காலை எட்டு மணிக்கு வருவார். எட்டரைக்கு மேல் போனால் கூடையில் செதிலும் பேச்சும்தான் மிச்சம். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை என் மகன் டெரிக் கூப்பிட்டபோது நான் ஒரு கையில் தட்டும் மறு கையில் போனுமாக வாசலில் நின்றிருந்தேன். அவன் கேட்டதற்கு அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது, ஜெயலக்ஷ்மி. யோசித்துத்தான் சொன்னேன். இருபத்தெட்டு வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில் அது.

வசதியாக உட்காருங்கள் கண்ணு. மோர் எடுத்துக்கொள்ளுங்கள், உப்பு குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். நியூசிலாந்தில் என் மகனுக்காக வாதாடுகிறவர் கேட்டுக்கொண்டார் என்று, நீங்கள் இந்த வெயிலில் அடையாறு வரைக்கும் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நீங்களும் ஒரு வக்கீல். உங்களிடம் சொன்னால் வெளியே போகாது. அதனால் முழுவதையும் சொல்கிறேன். கையெழுத்து விஷயம் கடைசியில்.

டெரிக்குக்கு ஐந்து வயது. ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் நேரம், வெள்ளைச் சட்டையும் டையுமாகக் கூடத்தில் விழுந்தான். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. என் நாத்தனார் புஷ்பம் அவன் கையில் வைக்க இரும்புச் சாவியைத் தேடி ஓடினாள். நான் முதலில் ஜன்னலைச் சாத்தினேன். அதற்குப் பிறகுதான் பிள்ளையிடம் போனேன்.

மயிலாப்பூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். "இது வலிப்பு நோய்தாம்மா. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. மாத்திரை போட்டா நல்லா இருப்பான். ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, அது மட்டும் ஆபத்து" என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

என் கணவர் ராஜநாயகம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிள்ளை வளர்ந்ததும் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு காலி சத்து மாத்திரை பாட்டிலில் போட்டு வைத்தேன். தலைவலி வராமல் இருக்கத் தினமும் போட வேண்டியது என்று டெரிக்கிடம் சொன்னேன். பெரியவனான பிறகு டாக்டரிடம் நானே தனியாகப் போய்ச் சீட்டு வாங்கி வந்தேன். ஆறு வயதுக்கு மேல் அவனுக்கு ஒருமுறைகூட வரவில்லை. அது மாத்திரையின் வேலை என்றார் டாக்டர். என் ஜெபத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவன் இங்கே லைசென்ஸ் எடுத்தபோதும் யாரும் எதையும் துருவவில்லை. திருவான்மியூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த வெள்ளைச்சாமியே படிவத்தை நிரப்பினார். "வலிப்பு, மயக்கம் எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுக்கினேன்மா. கீதுன்னு போட்டா எவன் குடுப்பான் லைசென்சு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு சோஃபியா வந்தாள். மழலையர் பள்ளி ஆசிரியை. தங்கமான பெண், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. கல்யாணத்துக்கு முன் எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. முதல் ஞாயிறே புஷ்பம் முழங்கையால் இடித்தாள்.

"அண்ணி, கடமையாம்ல?"

"உன் பொண்ணுக்கு ஓலை வாசிச்சப்போ அவளுக்குக் காது கேக்காதுன்னு நான் எழுந்து சொன்னேனா?"

"ஒரு காதுதானே அண்ணி."

"அப்போ உன் ஒரு வாயையும் மூடு."

மூன்றாவது ஞாயிறு அவள் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

சோஃபியாவுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. டெரிக்கும் கூடப் போனான், நான் நிரப்பிக் கொடுத்த மாத்திரை பாட்டிலோடு. ஒரு கடையில் வேன் ஓட்டும் வேலைக்கு அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள், நம் ஊர் லைசென்சை அவர்கள் ஊர் லைசென்சாக மாற்றிக்கொண்டு வந்தால். அதற்கான படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தச் சனிக்கிழமை கூப்பிட்டான்.

"மம்மி, டாக்டர் சர்டிஃபிகேட் கேக்குறாங்க. சின்ன வயசுல எனக்கு ஃபிட்ஸ் கிட்ஸ் ஏதாவது வந்திருக்கா?"

"உனக்கா? உனக்கு வந்ததெல்லாம் அம்மைதான்."

"சரி, என் தலைவலி மாத்திரை பேர் என்ன? பாட்டில்ல பேரே இல்ல. டாக்டர்கிட்ட காட்டணும்."

"இன்னாம்மா, வவ்வா வேணுமா வேணாமா? நீ போன்ல பேசிக்கினே இருந்தா மீனு நீஞ்சி கடலுக்கே போயிடும்" என்றார் மீன்காரர். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னேன்.

மாத்திரையின் பேரைச் சொன்னால் அந்த ஊர் டாக்டருக்கு எல்லாம் தெரிந்துவிடும். டெரிக்குக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் சோஃபியாவுக்கும், அவள் வழியாக அவளைப் பெற்றவர்களுக்கும்.

"கடைசியா உனக்குத் தலைவலி எப்போப்பா வந்துச்சு?"

"ஞாபகமே இல்ல மம்மி."

"அப்புறம் எதுக்கு மாத்திரை? நிறுத்திடு. டாக்டர்கிட்ட சொல்லவும் வேணாம், படிவத்துல எழுதவும் வேணாம்."

மயிலாப்பூர் டாக்டரின் சொல் அப்போது என் காதில் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். வவ்வால் இரண்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஆறு வாரத்தில் புது லைசென்ஸ் வந்தது. போட்டோ எடுத்து அனுப்பினான். படத்தில் அவன் அப்பா மாதிரியே இருந்தான்.

அதற்கு அடுத்த வாரம் சோஃபியா தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"ரெண்டு நாளா விடியக்காலையில தூக்கத்துல அவர் பல்லை நறநறன்னு கடிக்கிறார். கையெல்லாம் விறைச்சுக்குது. எழுந்தா நாக்குல ரத்தம். கேட்டா ஒண்ணுமே தெரியலங்கிறார். எனக்குப் பயமா இருக்கு அத்தை. கார் ஓட்ட வேணாம்னு சொல்லட்டுமா?"

ஜெயலக்ஷ்மி, இந்த இடத்தை நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் கேள்வியை என் கையில் கொண்டுவந்து வைத்தாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

"அவங்க அப்பாவும் பல்லைக் கடிப்பார்மா. பரம்பரை. இப்போதான் வேலை கிடைச்சிருக்கு, ஓட்டாதேன்னு சொல்லி அவன் மனசை உடைச்சிடாதே. நீ பயந்தா அவனும் பயப்படுவான்" என்றேன்.

"அப்படியா அத்தை? இப்போதான் மூச்சே வருது" என்றாள். நல்ல பெண். பெரியவர்கள் சொன்னால் நம்புகிற பெண்.

ஒன்பது நாள் கழித்து, காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிடக் காரை எடுத்தான். வளைவில் கார் வளையவில்லை. சாலையில் பிரேக் போட்ட தடமே இல்லையாம். சோஃபியா அங்கேயே போய்விட்டாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியும். அந்தக் குழந்தையின் பெயர் என் வாயில் நுழையவில்லை; அதனால் ஜெபமாலை சொல்லும்போது "அந்தப் பிள்ளை" என்றே சொல்லி வேண்டிக்கொள்கிறேன். ஒருநாளும் விட்டதில்லை.

டெரிக்குக்குத் தோள்பட்டை மட்டும் உடைந்தது. போலீஸ் வீட்டிலிருந்த பாட்டிலை எடுத்துச் சோதித்தார்கள். வலிப்பு மாத்திரை. நோயைத் தெரிந்தே மறைத்தான், சர்டிஃபிகேட்டுக்காக மருந்தை நிறுத்தினான், பொய்க் கையெழுத்துப் போட்டான் என்று வழக்கு. அவன் அங்கே எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொல்கிறானாம். அது தலைவலி மாத்திரை, என் அம்மாவைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள் என்று. இப்போது காவலில் நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்கிறார்கள். எதற்கென்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். அவன் நம்பவில்லை.

உங்கள் தாளை இரண்டு முறை படித்துவிட்டேன். என் மகனுக்கு நோய் இருப்பது அவனுக்கே தெரியாது, தெரிந்தவள் நான், மறைத்தவளும் நிறுத்தச் சொன்னவளும் நானே. ஒரு சொல்கூடத் தப்பில்லை. இதில் நான் கையெழுத்துப் போட்டால் அவன் வெளியே வர வழியுண்டு, இல்லாவிட்டால் மூன்று வருஷமாவது உள்ளே இருப்பான் என்கிறீர்கள்.

நான் போடப் போவதில்லை கண்ணு. கோபப்படாமல் கேளுங்கள். மூன்று வருஷம் கழித்து வந்தால் அவனுக்கு முப்பத்தாறு. ஆண்பிள்ளைக்கு அது ஒரு வயசே இல்லை. ஜெயிலுக்குப் போனவன் என்று ஊர் கொஞ்ச நாள் பேசும். கார் விபத்துதானே என்று மறந்தும் விடும். போலீஸ் சொல்வதை இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்; வலிப்புக்காரன் என்ற பேர் பெற்றவள் கையெழுத்தோடு கோர்ட்டுத் தாளில் ஏறிவிட்டால், அது அவன் கல்லறைவரை கூட வரும். உங்களுக்கும் பிள்ளை பிறந்தால் புரியும். கோர்ட்டில் யாராவது கேட்டால், அது தலைவலி மாத்திரைதான் என்று சொல்வேன். அவன் சொன்னதும் அதுதானே. தாய் சொல்லும் பிள்ளை சொல்லும் ஒன்றாக இருக்கட்டும்.

தி.நகரில் ஒரு பெண் இருக்கிறாள். கணவனை இழந்தவள், பள்ளியில்தான் வேலை. எத்தனை வருஷமானாலும் காத்திருக்கிறோம் என்கிறார்கள் அவளைப் பெற்றவர்கள். சோஃபியாவின் ஆண்டுப் பூசை முடியட்டும், பேசலாம் என்றிருக்கிறேன். பையனுக்குத் தலைவலி உண்டு என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டேன். கல்யாண விஷயத்தில் எதையும் மறைப்பது எனக்குப் பிடிக்காது.