பட்டன் பிரிக்கிறவ

— டேய் கோட்டான், வந்ததுலேர்ந்து நாலு தடவ அந்த ஜன்னலை மூடித் திறந்துட்டே. அது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? உக்காரு.

— உக்காந்துதான்க்கா இருக்கேன்.

— நுனியில. இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி. நல்லா சாஞ்சு உக்காரேன், நாற்காலி கடிச்சுடாது.

— அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— டாக்டர் சொன்னதத்தானே? எனக்கே தெரியும். கட்டி ஈரல் பூராவும் பரவிடுச்சு, கண்ணெல்லாம் மஞ்சள், இனிமே எந்த மருந்து குடுத்தாலும் உடம்பு தாங்காது. நான் தூங்குறேன்னு நெனச்சு என் தலைமாட்டுலயே நின்னு பேசிக்கிட்டாங்க. கண்ண மூடினா காதும் மூடிக்குமா என்ன?

— அது இல்லக்கா. என் வேலை சம்பந்தமா.

— வேலை போயிடுச்சா?

— போயிடும். ஆனா விஷயம் அது இல்ல.

— பின்ன என்னடா? மென்னு முழுங்காம சொல்லு.

— அஞ்சு மாசம் முன்னாடி உனக்கு ஊசி விட்டு ஈரல்லேர்ந்து சதை எடுத்தாங்கல்ல.

— எடுத்தாங்க. எடுத்துட்டு, வலது பக்கமா ஒருக்களிச்சுப் படு, நாலு மணி நேரம் அசையவே கூடாதுன்னுட்டாங்க. செவுத்துல இருந்த விரிசலையே பாத்துட்டுக் கிடந்தேன். அப்ப உனக்கு ஒண்ணுமே தெரியாதே. ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு உன்கிட்ட மறைச்சு வெச்சிருந்தேன்.

— அந்தச் சதை எங்க லேபுக்குத்தான் வந்துச்சு.

— உங்க லேபுக்கா?

— அந்த டெஸ்ட் எங்க லேபுல மட்டும்தான் பண்றோம். எங்களுக்குப் பேரு வராதுக்கா, நம்பர்தான் வரும். நாலு நாலு ஒண்ணு ஏழு. போன மாசம் நீ ஃபைலை என் கையில குடுத்து, ஸ்கேன்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுன்னியே, அதுல ரிப்போர்ட்டும் இருந்துச்சு. அடியில என் கையெழுத்து.

— அட! அப்ப நம்ம வீட்டுப் பையனே பாத்திருக்கான். இதச் சொல்லவா இவ்வளவு நேரம் ஜன்னலைப் படுத்தினே?

— ‘இல்லை’ன்னு எழுதினது நான்தான்க்கா.

— அதான் தெரியுதே. ஏதோ ஒட்டு இருக்கான்னு பாத்தாங்க, ஒட்டு இருந்தா அந்தப் புது மாத்திரை, இல்லேன்னா கிடையாது. எனக்கு இல்ல. இல்லாதத இல்லேன்னு எழுதினா அது உன் தப்பா? மண்டையப் போட்டு உடைச்சுக்காதே.

— இருந்துச்சுக்கா.

— என்னது?

— ஒட்டு இருந்துச்சு.

— புரியற மாதிரி சொல்லுடா. நான் தையக்காரி, டாக்டர் இல்ல.

— சரி, தையல்லயே சொல்றேன். சட்டையத் தைச்சு முடிக்கிறே. துணி சரி, அளவு சரி, தையலும் சரி. ஆனா பட்டன் வைக்காம அதப் போட்டுக்க முடியுமா?

— முடியாது. கஸ்டமர் மூஞ்சியிலயே விட்டெறிவான்.

— உடம்புக்குள்ள புரோட்டீனும் அப்படித்தான். தைச்சு முடிச்சதோட அது வேலைக்கு வந்துடாது. அப்புறமாத்தான் மேல ஏதாவது ஒட்டணும். சிலதுக்குச் சர்க்கரை, சிலதுக்குக் கொழுப்பு. சிலதுல, இதக் குப்பையில போடுன்னு ஒரு சீட்டே ஒட்டிவிடும்.

— அந்தச் சீட்டு எனக்கு எப்பவோ ஒட்டியாச்சு.

— அக்கா.

— சரி சரி, சொல்லு. பேச்சுக்குச் சொன்னேன்.

— உனக்கு நாங்க பாத்தது பாஸ்பேட்டுன்னு ஒண்ணு. அதத்தான் பட்டன்னு வெச்சுக்கோ. பட்டனை மாட்டினா அந்தப் புரோட்டீன் முழிச்சுக்கும், ‘வளரு, வளரு’ன்னு செல்லுக்குச் சொல்லும். கழட்டினா பேசாம இருந்துடும். மாட்டுறதுக்கு ஒருத்தி, பிரிக்கிறதுக்கு ஒருத்தி. நல்ல உடம்புல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி, தேவைக்குத் தகுந்தபடி வேலை பாத்துட்டே இருப்பாங்க.

— கெட்டுப்போன உடம்புல?

— மாட்டுறவ கைய நிறுத்தவே மாட்டா. பிரிக்கிறவளால ஈடு குடுக்க முடியாது. கட்டி வளந்துக்கிட்டே போகும். அந்த மாத்திரை மாட்டுறவ கையக் கட்டிப் போடுற மாத்திரை. அதான் முதல்ல பட்டன் இருக்கான்னு பாக்குறது.

— எனக்கு இருந்துச்சுங்கறே.

— நிறைய இருந்துச்சுக்கா.

— அப்ப நீ பாக்கும்போது எங்க போச்சு?

— சதையை உடம்புலேர்ந்து வெட்டி எடுத்துட்டா மாட்டுறவளுக்குத் தெம்பு போயிடும். அவ வேலைக்கு ரத்தம் ஓடணும். பிரிக்கிறவளுக்கு அதெல்லாம் வேண்டாம். வெட்டி எடுத்தாச்சுன்னுகூட அவளுக்குத் தெரியாது. அவ பாட்டுக்கு ஒவ்வொண்ணா பிரிச்சுட்டே இருப்பா. அவள நிறுத்தணும்னா உடனே உறைய வைக்கணும். ஐஸ் பெட்டியிலேர்ந்து எடுத்த பத்து நிமிஷத்துக்குள்ள. அதுக்குன்னே டைமர் வெச்சிருக்கோம்.

— நீ வெச்சியா?

— வெச்சேன். பத்து நிமிஷத்துல அடிச்சுது.

— அப்புறம்?

— நிறுத்திட்டேன்.

— எத?

— டைமரை. நாப்பது நிமிஷம் சதை மேசையிலயே கிடந்துச்சு. அப்புறம்தான் உறைய வெச்சேன். நோட்டுல மட்டும் பத்து நிமிஷம்னு எழுதினேன்.

— இரு. பேசாதே. கொஞ்சம் இரு. ஒருவேள உனக்கு இப்பத் தப்பாத் தோணுதோ என்னமோ. இல்லாமகூட இருந்திருக்கலாமே.

— அன்னைக்கு ரெண்டு துண்டு வந்துச்சுக்கா. ஒண்ண ஆஸ்பத்திரியிலயே உறைய வெச்சு அனுப்பியிருந்தாங்க, இருக்கட்டும்னு எடுத்து வெச்சது. ஃப்ரீஸருக்கு அடியில கிடந்துச்சு. போன வாரம் அத நானே போட்டுப் பாத்தேன். பட்டன் இருந்தா கறுப்பா கோடு விழும். மூணு தடவ பாத்தேன். மூணு தடவையும் கரிக்கட்டையால கோடு போட்ட மாதிரி வந்துச்சு.

— பெரிய டாக்டர்கிட்ட சொன்னியா?

— அன்னைக்கே ஓடினேன். அஞ்சு மாசம் முன்னாடின்னா குடுத்திருப்பேன், இப்ப அந்த மாத்திரையத் தாங்குற ஈரல் இல்லேன்னார். லேபுலயும் எழுதிக் குடுத்துட்டேன்.

— பாதிக்குப் பாதி கொறைச்சாவது?

— கேட்டேன்க்கா. கெஞ்சினேன். கால் பங்குகூடத் தாங்காதாம்.

— என் பாப்பா பெரிய பரீட்சை எழுதுற வரைக்கும் இருந்தாப் போதும்னு நெனச்சேன். அவ்வளவுதான்டா நெனச்சேன். ஒரு வருஷம். அந்த மாத்திரை ஒரு வருஷம் குடுத்திருக்குமா? பொய் சொல்லாம சொல்லு.

— சில பேருக்கு ரெண்டு வருஷம்கூட.

— ரெண்டு வருஷம். நாப்பது நிமிஷத்துக்கு ரெண்டு வருஷம்.

— என்னை அடிச்சுடுக்கா. ஏதாவது திட்டேன்.

— கையத் தூக்கத் தெம்பு இருந்தா அடிக்க மாட்டேனா? பாவி. டைமர் அடிக்குது, நிறுத்திட்டு அப்படி என்னடா கிழிச்சே?

— பேசிட்டிருந்தேன்.

— நீயா? நாப்பது நிமிஷமா? நாலு வார்த்தை சேந்தாப்புல பேசுனா வாய் வலிக்கும்னு கோட்டானாட்டம் உக்காந்திருப்பே. யாரோட?

— கூட வேலை செய்றவன் ஒருத்தன்.

— வாயில மண்ணு விழ அவனுக்கு. வேலை நேரத்துல என்ன வெட்டிப் பேச்சு? அவன் நல்லாயிருப்பானா? அவன் குடும்பம்...

— வேண்டாம்க்கா. அப்படிச் சொல்லாதே.

— ஏன், உனக்கு வலிக்குதோ? என் வயிறு எரியுது, நான் சொல்லுவேன்.

— அவங்க என்ன பண்ணுவாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

— அவங்களா? இப்பத்தானே அவன்னே. அதுக்குள்ள என்ன மரியாதை? பொம்பளையா?

— விடுக்கா.

— டேய், டேய்! மூஞ்சியக் காட்டு. பொம்பளைதான். நாப்பது வயசாகப் போகுது, காதோரம் நரைச்சாச்சு, இத்தன வருஷமா ஒரு வார்த்தை சொன்னியாடா அக்காகிட்ட?

— அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாமலா சதையை மேசையில போட்டுட்டு நாப்பது நிமிஷம் பேசினே? எனக்கு ஆத்திரமா வருது. சிரிப்பாவும் வருது. ரெண்டும் சேந்து வந்தா வயித்துல பிடிச்சு இழுக்குது.

— சிரிக்காதே, வலிக்கும்.

— என்ன பேசினா? அதையாவது சொல்லு. என் ரெண்டு வருஷம் எதுக்குப் போச்சுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?

— நான் பேசவே இல்ல. அவங்கதான் பேசினாங்க. சும்மா, ஒண்ணுமில்லாத பேச்சு. சின்ன வயசுக் கதை. ரொம்ப நாள் கழிச்சு அப்படிச் சிரிச்சாங்க. சிரிப்பு நடுவுல ஏதோ சொல்ல வர்றாங்க, சொல்லாம வேற பேச்சுக்குத் தாவுறாங்க. எதுக்கோ பயந்துபோயிருக்காங்கன்னு தோணுச்சு. என்னன்னுதான் தெரியல. பாதியில வைக்க மனசு வரல.

— வைக்கவா? அப்ப பேசினது நேர்ல இல்லையா?

— ஃபோன்ல.

— ...

— என்னக்கா, முதுகு வலிக்குதா? தலைகாணியத் தூக்கி வைக்கவா?

— வேண்டாம். பாப்பாகிட்ட இதெல்லாம் சொல்லாதே.

— சொல்லணும்க்கா. அவளுக்குத் தெரியாம அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?

— முழி. அதுதான் உனக்குத் தண்டனைன்னு வெச்சுக்கோ. அவங்கப்பன் போன இடம் தெரியல. நானும் போயிட்டா அவளுக்கு நீ ஒருத்தன்தான் மிச்சம். உன்மேல கோவிச்சுக்கிட்டு அந்தப் புள்ள யார் வீட்டுக்குப் போகும்? அழாதடா. நீ அழுதா எனக்கும் வரும், அழுதா இருமல், இருமினா இந்த ஊசி நகந்து... பாரு, சொல்லி வாய மூடல, மெஷின் கத்த ஆரம்பிச்சுடுச்சு. அந்தப் பெல்லை அமுக்கு.

— அம்மா, எத்தன தடவ சொல்றது, ஊசி இருக்கற கைய மடக்காதீங்கன்னு? மருந்து இறங்கலேன்னா மெஷின் கத்தத்தான் செய்யும்.

— மறந்துட்டேன் சிஸ்டர். தம்பியோட பேசிட்டிருந்தேன்.

— பேசுங்க, வேண்டாங்கல. கைய மட்டும் நீட்டி வெச்சுக்கிட்டுப் பேசுங்க. இந்தாங்க, நிறுத்திட்டேன். சார், பார்வையாளர் நேரம் முடியப் போகுது, இன்னும் அஞ்சு நிமிஷம்தான்.

— சரிங்க சிஸ்டர்.

— போயிட்டாளா?

— போயிட்டாங்க. கைய இப்படி வை, நான் பிடிச்சுக்கறேன்.

— உங்க லேபு டைமரும் இந்த மெஷின் மாதிரிதான் கத்துமா?

— எதுக்குக்கா இப்ப அது?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— ஆமா. கிட்டத்தட்ட இப்படித்தான்.

— கீ கீ கீன்னு. யாராவது நிறுத்துற வரைக்கும்.

— அக்கா, போதும், விடேன். தொண்டை காஞ்சிருக்கும், தண்ணி தரவா?

— கேட்டேனேடா. வலது பக்கமா அசையாமப் படுத்துக்கிட்டு உனக்கு ஃபோன் பண்ணி, சொல்ல வந்ததச் சொல்லாம என்னத்தையோ பேசிச் சிரிச்சுட்டிருந்தேனே, அப்பக் கேட்டேனேடா, அங்க என்னமோ கத்துது, ஃபோனை வெச்சுடவான்னு. “அது ஒண்ணுமில்லக்கா, நீ பேசு”ன்னே.